நாலாவது லைட்டு

வாங்கண்ணா, உள்ளே வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. நீங்கதானே லைட்டுக்காரர்? கோயமுத்தூரிலிருந்து வர்றதா அவரு சொல்லிட்டுப் போனாருங்க. ஜெயசீலன்தானே பேரு? தெரியும், தெரியும். இந்த வீட்டில் தினமும் அடிபடற பேருதான். நல்ல விதமா அடிபடலை, அது வேற விசயம்.

உட்காருங்க. அவரு இன்னும் வரலை. சாயப்பட்டறையில் லேப் வேலைங்க. எப்பவும் ரெண்டாவது ஷிப்டுதான். மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பினா வீடு வந்து சேர பத்தே முக்கால் ஆகிடும். இன்னைக்கு உங்களுக்காகவே பர்மிஷன் கேட்டிருக்காரு, ஆறே காலுக்கெல்லாம் வந்துடுவாரு. இப்ப அஞ்சு பத்துதானே ஆகுது. அதுவரைக்கும் நீங்க எதைக் கழட்டணுமோ கழட்டிப் பாருங்க. நான் காபி போட்டுட்டே பேசறேன். சமையல்கட்டிலிருந்து பேசினாலும் நல்லாக் கேட்கும். வீடு அவ்வளவுதான்.

மகிழ் பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்குது. எங்க பாப்பாங்க, மூணு வயசு. அது இங்கே இருந்தா உங்க ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டிக்குள்ளே போட்டிருக்கும்.

இதுதானுங்க தொட்டி. மூணு அடி. உள்ளே இருக்கிறது கடல் தண்ணி மாதிரி, ஆனா கடல் தண்ணி இல்லை. உப்பு வாங்கிக் கலக்கறது. திருப்பூரில் உட்கார்ந்துக்கிட்டு வீட்டில் கடல் தயார் பண்ற ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கேன், பார்த்துக்குங்க. அந்த ரெண்டு ஆரஞ்சு மீனும் ஜம்முனு இருக்குது. பவளம்தான் போச்சு. இந்தக் காளான் மாதிரி ஒட்டியிருக்குதே, இதெல்லாம் வந்தப்ப என் உள்ளங்கை அகலம் இருந்தது. இப்பப் பாருங்க, சட்டைப் பொத்தான். நல்ல கத்தரிப்பூ நிறம் வேற. இப்ப வெளுத்து, துவைச்சுத் துவைச்சுப் போட்ட உள்பாவாடை மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேலே இந்தப் பாசி. கல்லு பூராவும் பச்சைப் பசேல்னு. பவளத்துக்குச் சேராத வெளிச்சம் பாசிக்கு மட்டும் எப்படித்தான் சேருதோ.

எனக்குப் பவளம்னா கழுத்தில் போடறதுன்னுதான் தெரியுமுங்க. அது உசுரோட இருக்கும்னு இவரைக் கட்டினதுக்கப்புறம்தான் தெரியும். எட்டு மாசத்துக்கு முன்னே தொட்டி வந்த முதல் நாளே உட்கார வெச்சுப் பாடம் எடுத்தாரு. "கோகிலா, இது பூ மாதிரி இருக்குது, ஆனா பிராணி. உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி வெச்சிருக்குது. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சமைச்சுக் குடுக்கும், இது உட்கார்ந்து சாப்பிடும்"ன்னாரு. உள்ளேயே சமையல்காரி வெச்சிருக்குது, கொடுத்து வெச்ச பிறவின்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

ஆனா விசயம் புரிஞ்சுதுங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் எங்க ஊரு கவர்மெண்டு ஸ்கூல்தான், வெள்ளக்கோயில் பக்கம். பத்தாவதில் அறிவியலில் எழுபத்தெட்டு மார்க்கு. வெளிச்சம்னா சாப்பாடு. அவ்வளவுதானே? எங்கப்பா கறிக்கோழிப் பண்ணை வெச்சிருந்தாரு. குஞ்சு வந்து இறங்கினா முதல் வாரம் லைட்டை அணைக்கவே மாட்டாரு. லைட்டு எரிஞ்சாத்தான் குஞ்சு தீனி எடுக்கும். இருட்டிலே விட்டா எடை நிக்காது. வெளிச்சம் குடுத்துக் கெட்டுப்போன உசுரு எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இந்தாங்க காபி. முறுக்கு எடுத்துக்குங்க. அட எடுத்துக்குங்கண்ணா, ஒறம்பரைக்கு வந்தவங்க வெறும் காபி குடிச்சிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? கையில் என்னங்க அது, புள்ளி புள்ளியா? சால்டர் ஈயம் பட்டுச் சுட்டதா? அப்ப லைட்டு நீங்களே கையால் பத்த வெச்சுச் செய்யறதுதானா! இவரு ஏதோ கம்பெனின்னாரு. நீங்களும் இன்னும் ரெண்டு பேருமா? அதுவும் கம்பெனிதான், விடுங்க.

என்னது, மூணு ஆர்டரு கேன்சல் ஆயிடுச்சா? இவரு போனில் அந்த மீன் தொட்டிக்காரங்க குரூப்பில் எழுதினதாலேயா? அடப் பாவமே.

நான் அப்பவே சொன்னேனுங்க. "ஏனுங்க, அந்த மனுசனும் பிள்ளைகுட்டிக்காரரா இருப்பாரு, இப்படி எழுதறீங்களே"ன்னேன். "நான் பொய்யா எழுதறேன்? செத்துக்கிட்டு இருக்கிற பவளத்தோட போட்டோ போட்டிருக்கேன்"ங்கறாரு. இப்ப அதுக்கும் மேலே ஒண்ணு இருக்குது, சொன்னா நீங்க வெசனப்படக் கூடாது. இன்னைக்கு நீங்க வந்து என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கலைன்னா, நாளைக்கு வீடியோ போடப் போறாரு. எடுத்தே வெச்சிருக்காரு. பவளம் வந்த அன்னைக்கு எப்படி இருந்தது, இப்ப எப்படி இருக்குது, லைட்டு யாருகிட்ட வாங்கினது, எல்லாம் பேரோட. பேசிப் பேசிப் பழகினாரு, நான்தான் போனைப் பிடிச்சேன். அவரு நல்லாப் பேசுவாருங்க, அதுதான் பயமே.

முறுக்கு கீழே விழுந்திடுச்சு, விடுங்க, எறும்பு எடுத்துக்கும்.

நீங்க வோல்டேஜ் பாருங்க, பாருங்க. நான் முதலிலிருந்து சொல்றேன், உங்களுக்கும் கண்டுபிடிக்க வசதியா இருக்கும். டாக்டருகிட்டப் போனா முதலிலிருந்துதானே கேட்பாங்க.

முதல் லைட்டு, பல்லடம் ரோட்டில் ஒரு மீன் கடையில் வாங்கினது. வெள்ளை. பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்குப் பிடிச்சுதுங்க, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல்லு பொறுக்கலாம். பவளம் ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் சுருங்க ஆரம்பிச்சுது. இவரு லேபிலிருந்து வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துட்டு வந்தாரு. அளந்து பார்த்துட்டு, "வெள்ளை ஜாஸ்தி, நீலம் கம்மி"ன்னாரு.

ரெண்டாவது லைட்டு ஆன்லைனில் வந்தது. நீலம். நீலம்னா உங்க வீட்டு நீலம் எங்க வீட்டு நீலம் இல்லைங்க, வீடே ஊதா. பாப்பா மூஞ்சி ஊதா, சோறு ஊதா, ரசமா சாம்பாரான்னு மோந்து பார்த்துத்தான் ஊத்தணும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துட்டு, "என்ன கோகிலா, வீட்டில் வரவேற்பு எதுவும் வெச்சிருக்கீங்களா?"ங்கறாங்க. அதிலேயும் பவளம் ரெண்டு மாசம்தான். பாசி மட்டும் தளதளன்னு வந்துச்சு.

மூணாவது, பெங்களூரில் ஒருத்தரு உபயோகப்படுத்தின லைட்டு. அதைப் பத்திச் சொல்லணுமுங்க. போனில் ஓடற லைட்டு. காலையில் மெதுவா விடியும். மத்தியானம் உச்சி வெயில் அடிக்கும். மேகம் போகும். மின்னல் கூட வெட்டும், சத்தம் மட்டும்தான் வராது. பொழுதோட ஆறு மணி ஆனா அதுவே மெதுவா மங்கி அணைஞ்சுடும். அதுதான் எனக்குச் சேரலை. நல்ல வேளை, மேலே ஒரு பட்டன் இருந்துச்சு.

என்னங்க? இல்லைங்க, பட்டனைப் பத்தி ஒண்ணும் இல்லை. பேச்சுக்குச் சொன்னேன்.

அந்த லைட்டும் ஆகலை. அதுக்கப்புறம்தான் உங்களைப் பிடிச்சாரு. "இனி எவன் செஞ்ச லைட்டும் வேண்டாம், நான் சொல்ற மாதிரி ஒருத்தன் செஞ்சு குடுக்கணும்"னு தேடினப்ப உங்க நம்பரு கிடைச்சுது. எத்தனை நீலம், எத்தனை வெள்ளை, எத்தனை ஊதான்னு உங்ககிட்ட மணிக்கணக்கா பேசுவாரே, அப்பெல்லாம் நான் இங்கே சோத்தைப் போட்டு வெச்சுட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன். என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குக் கூட இல்லை. உங்க லைட்டு வந்து இறங்கின அன்னைக்கு அவரு மூஞ்சியைப் பார்க்கணுமே. குங்குமம் வெச்சாருங்க லைட்டுக்கு.

நல்ல லைட்டு. நான் குறை சொல்ல மாட்டேன். நாலில் உங்களுதுதான் எனக்குப் பிடிச்சது. வெள்ளையும் இல்லாம ஊதாவும் இல்லாம, விடிஞ்சும் விடியாம ஏரித் தண்ணி இருக்குமே, அந்த மாதிரி. பாப்பாவுக்கு ராத்திரிச் சோறு ஊட்டறதே அந்த வெளிச்சத்தில்தான். வேற எங்கே உட்கார வெச்சாலும் வாயைத் திறக்காது. "மீனு பாரு, மீனு பாரு"ன்னா ஒரு கிண்ணம் உள்ளே போயிடும்.

எத்தனை மணிக்கா? எட்டரைக்குங்க. ஏன், உங்க வீட்டில் குழந்தை எத்தனை மணிக்குச் சாப்பிடும்? சீக்கிரம் ஊட்டணும்னு டாக்டரும்தான் சொல்றாங்க. எங்கே கேட்குது.

இல்லைங்கண்ணா, டைமரு இருக்குதே. அதோ, அந்தச் சுவத்தில். எட்டு மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு அணைக்கும். அவரே வெச்சது. "டைமரைத் தொட்டே, அப்புறம் இருக்குது உனக்கு"ன்னு சொல்லி வெச்சிருக்காரு. இன்னைக்கு வரைக்கும் அதை நான் தொட்டதில்லை, பாப்பா தலைமேல் அடிச்சுச் சொல்றேன். ஒரு தடவை வேண்டாம்னா வேண்டாம்தான், எங்க வீட்டு வளர்ப்பு அப்படி.

நாங்க சொன்ன பேச்சு கேட்கிற ஆளுங்கதான், ரெண்டு பேருமே. அவரும் நான் சொன்னா கேட்பாரு. வாரம் ஒருக்கா இந்தத் தொட்டியில் ஒரு பங்கு தண்ணியை எடுத்துக் கொட்டணும், இல்லையா? முன்னே ராத்திரி வேலை விட்டு வந்தப்புறம்தான் கொட்டிக்கிட்டு இருந்தாரு. நான் ஒரே பிடியா நின்னுட்டேன். விளக்கு வெச்சதுக்கப்புறம் வீட்டிலிருந்து உப்பு வெளியே போகலாமா? பக்கத்து வீட்டுக்காரி வந்து ஒரு கை உப்பு கேட்டாலே நாளைக்கு வாங்கிக்கன்னு சொல்ற நேரம் அது. இவரு குடம் குடமா வாசலில் ஊத்தறாரு. லட்சுமி எப்படி நிப்பா? இப்பக் காலையில்தான் கொட்டறது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. எனக்கு இந்த மாதிரி விசயமெல்லாம் ரொம்ப முக்கியமுங்க. விளக்கு வைக்கிற நேரம்னா விளக்கு வைக்கிற நேரம்.

ஆனா லைட்டு விசயத்தில் மட்டும் யாரு சொன்னாலும் கேட்க மாட்டாரு. கேட்கவும் வேண்டியதில்லை, ஏன்னா அதுதான் அவரு பொழைப்பே. சாயத்துக்கு நிறம் சேர்ந்திருக்கான்னு பார்க்கிறது. அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்குதாமே, உள்ளே அஞ்சு விதமான லைட்டு. கடை வெளிச்சம், வெயில் வெளிச்சம், வீட்டு வெளிச்சம்னு மாத்தி மாத்தித் துணியை வெச்சுப் பார்க்கணும். இவரு கண்ணு அப்படிப் பழகினது. நான் புதுசு மாதிரி கட்டிக்கிட்டு நின்னாலும், "இது ரெண்டு வருசத்துக்கு முன்னே எடுத்த சேலை, சிவப்பு இறங்கியிருக்குது"ம்பாரு.

ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து வந்த பார்ட்டி மொத்த லோடையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கருநீலம் சேரலைன்னு. முதலாளி தலையில் கையை வெச்சுட்டாரு. இவருதான் எந்திரிச்சு, "சாரு உட்கார்ந்திருக்கிற ரூமில் ஒரு டியூப் லைட்டு மாத்திப் போட்டிருக்கு, துணியில் தப்பில்லை"ன்னாரு. மாத்திப் பார்த்தா அச்சாச் சேருது. அன்னையிலிருந்து பட்டறையில் இவரை 'லைட்டு மோகன்'ம்பாங்க. மோகனசுந்தரம்தான் பேரு. முதலாளி எல்லாரையும் கூட்டி வெச்சுக் கடிகாரம் குடுத்தாரு. அதோ மாட்டியிருக்குதே, அதுதான்.

இந்தத் தொட்டி இவரை அப்படியே உடைச்சுப் போட்டுடுச்சுங்கண்ணா. பட்டறையில் நிறம் ஒப்பிடற ஷேடு கார்டைப் பவளத்துக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்த்து, வாரா வாரம் காலண்டருக்குப் பின்னாடி எழுதறாரு. 'கத்தரிப்பூ, அரை ஷேடு இறக்கம்.' 'கத்தரிப்பூ, ஒரு ஷேடு இறக்கம்.' படுத்துக்கிட்டே மேலே பார்த்து, "எனக்கு வெளிச்சம் தெரியலையா கோகிலா?"ங்கறாரு. ஊருக்கே தெரியுதுங்க உங்களுக்குத் தெரியாதுங்களான்னு சொல்லித் தட்டிக் குடுப்பேன். சோறும் சரியா இறங்கறதில்லை. கடைசியில் ஒரு நாள் எந்திரிச்சு உட்கார்ந்து, "தப்பு என்கிட்ட இல்லை, அந்தாளுகிட்ட"ன்னாரு. உங்களைத்தான். அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு.

அதுக்கு அத்தாட்சியும் இருக்குதுங்க. கரண்டு பில்லு. உங்க லைட்டு இத்தனைதான் இழுக்கும்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல? அதை வெச்சுக் கணக்குப் போட்டா வரவேண்டியதுக்கு மேலே வருது. "பொய்யான வாட்ஸ் போட்டு விக்கறான்"னு அதையும் குரூப்பில் எழுதிட்டாரு. பார்த்தீங்களா? பார்த்திருப்பீங்க.

காபி ஆறிப்போச்சே. குடிக்கவே இல்லையே நீங்க.

சித்த இருங்க, மணி ஆறு. டிக்குனு சத்தம் கேட்டுச்சா? டைமருதான் அணைச்சுது. பார்த்தீங்களா, வீடே எப்படி இருட்டிப்போச்சு? இருங்க, முதலில் சாமி விளக்கைப் பொருத்திட்டு வந்துடறேன். வெள்ளிக்கிழமை வேற.

ம். ஆச்சு.

இப்ப இந்த ஒயரை டைமரிலிருந்து உருவி, பக்கத்து பிளக்கில் சொருகிட்டா முடிஞ்சது. வந்துடுச்சு பாருங்க வெளிச்சம். எரியற விளக்கு, விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத் தானா அணையலாமுங்களா? வீட்டுக்கு ஆகுமா? கல்யாணமாகி நாலு வருசமா இந்த வீட்டில் ஆறு மணிக்கு ஒரு விளக்கு அணைஞ்சதில்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு மணிக்கே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம், அன்னைக்கு எப்படிப் போகுதோ, அது நம்ம கண்ணு முன்னாடி நடக்கலை.

ஏனுங்கண்ணா எந்திரிச்சுட்டீங்க? கண்ணெல்லாம் கலங்குது. சாமி கும்பிடறீங்களா? நீங்க வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரா இருப்பீங்களோன்னு நினைச்சேன். யாரா இருந்தா என்ன, வெளிச்சம் எல்லாருக்கும் பொதுதானே, கும்பிட்டுக்குங்க.

என்ன கேட்டீங்க? தினமுமான்னா, தினமும்தான். ஞாயித்துக்கிழமை நீங்கலா ஒரு நாள் தவறினதில்லை. உங்க லைட்டுக்கு மட்டும்னு இல்லைங்க, நாலு லைட்டையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கிட்டேன். எனக்கு ஓரவஞ்சனையெல்லாம் கிடையாது. அணைக்கிறதுங்களா? பாப்பா தூங்கினப்புறம், பத்து மணிக்கு. அவரு வர்றதுக்குள்ளே அணைச்சிடுவேன். ராத்திரி மீனும் தூங்கணுமில்ல. காலையில் எந்திரிச்சதும் ஒயரை மறுபடியும் டைமரிலேயே சொருகி வெச்சுடுவேன். அவரு ஒழுங்குபடுத்தி வெச்சதை நாம கலைக்கக் கூடாது பாருங்க.

எட்டிலிருந்து பத்து. ஆமா. பதினாலு மணி நேரம்.

பதினாலு மணி நேரமா?

கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கண்ணா. அதுங்களுக்கும் இருட்டு வேணுமா? வெளிச்சம் ஜாஸ்தியானா உள்ளே இருக்கிற அந்தப் பாசியே விசமாயிடுமா? பவளம் தாங்காம அந்தச் சமையல்காரியை வெளியே துப்பிடுதா? அதுதான் வெளுக்கறதா?

அட கெரகமே.

அப்ப கரண்டு பில்லும் அதுதானா. பாசியும் அதுதானா.

சரி. உட்காருங்க. நீங்க உட்காருங்கண்ணா, நின்னா ஆகப்போறது ஒண்ணும் இல்லை. ஏனுங்க, நான் ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்கக் கூடாது. லைட்டு செய்யறவரு நீங்க. லைட்டு பார்க்கிறவரு அவரு. எத்தனை நாள் எத்தனை மணி நேரம் போனில் பேசினீங்க? ஒரு நாளாவது ரெண்டு பேரில் ஒருத்தராவது, 'வீட்டில் பொம்பளை ஒருத்தி இருக்காளே, பொழுதோட அவ என்ன பண்ணுவா'ன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிற ஆளில்லை. இத்தனை படிச்சு என்ன பிரயோஜனம்?

போகட்டும். உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது. இப்ப ஆக வேண்டியதைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போதும் அதுக்கு? எட்டா? அவ்வளவுதானே? அப்ப காலையில் எதுக்குப் போடறது? காலையில் இந்த வீட்டில் யாரு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறாங்க? மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டுப் பத்து மணிக்கு அணையற மாதிரி வைங்க. விளக்கு வைக்கிற நேரத்தில் எரியும், பாப்பா சாப்பிடும், பவளமும் தூங்கும். நான் ஒயரைத் தொட வேண்டியதே இல்லை. முடிஞ்சுதா? இதுக்குப் போயி மீட்டரு, ஷேடு கார்டு, நாலு லைட்டு.

நீங்களே டைமரை மாத்தி வைங்க. நான் தொட மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன்.

இன்னைக்கு இப்பவே அணைக்கணுமா? வெள்ளிக்கிழமைங்கண்ணா. நாளையிலிருந்து வெச்சுக்கலாம்.

அப்புறம் இன்னொரு விசயம். இதை அவருகிட்டச் சொல்ல வேண்டாம்.

பதறாதீங்க, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. என்னைத் திட்டுவாருன்னு நினைச்சீங்களா? திட்டவே மாட்டாரு. திட்டினா வாங்கிட்டுப் போயிடுவேன், அது பெரிய விசயமில்லை. ஆனா யோசிங்க. ஜெர்மனிக்காரனுக்கு ரூமில் ஒரு டியூப் லைட்டு மாறியிருக்குன்னு கண்டுபிடிச்ச மனுசன். அவரு சொந்த வீட்டில், அவரு பொண்டாட்டி, தினமும் நாலு மணி நேரம் லைட்டுப் போட்டிருக்கா. எட்டு மாசமா கண்டுபிடிக்கலை. இது தெரிஞ்சா அந்தக் கடிகாரத்தை இனி நிமிர்ந்து பார்ப்பாருங்களா? பட்டறைக்குப் போயி அந்தப் பெட்டிக்கு முன்னாடி நின்னு நிறம் சேருதுன்னு தைரியமாச் சொல்லுவாரா? 'லைட்டு மோகன்'னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரா?

நீங்க உங்க பேரைச் சொல்றீங்க. புரியுதுங்க. மூணு ஆர்டரு, கூட ரெண்டு பேரு, அவங்க வீட்டுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். எல்லாம் புரியுது. நான் உங்களை விட்டுட மாட்டேன். என்னை நம்புங்க, வெள்ளக்கோயிலில் எங்கப்பனைக் கேட்டுப் பாருங்க, நான் யாரையும் நட்டாத்தில் விட்டவ இல்லை. ஒரு வழி இருக்குது. சித்த யோசிக்க விடுங்க.

வண்டிச் சத்தம். அவருதான். அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துட்டாரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பேசிக்கறேன். மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்குங்க.

வாங்க, வாங்க. ஹெல்மெட்டைக் குடுங்க. இவருதான் ஜெயசீலன் அண்ணன், அஞ்சு மணிக்கே வந்துட்டாரு. ரொம்ப நல்ல மனுசனுங்க. லைட்டு ஏன் இன்னும் எரியுதா? அவருதான் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காரு. ஏனுங்க, கண்டுபிடிச்சாச்சு! நீங்க சொன்னதுதான் சரி. லைட்டில்தான் கோளாறாம். வந்து கழட்டிப் பார்த்ததும் அண்ணனே ஒத்துக்கிட்டாரு. உள்ளே ஏதோ ஒரு சின்ன விசயமாம், நமக்குச் சொன்னாப் புரியாது, சரி பண்ணிட்டாரு. கரண்டும் இனிமே அவ்வளவு இழுக்காதாம். நேரம் மட்டும் நாளையிலிருந்து ரெண்டுக்குப் போட்டுப் பத்துக்கு அணைக்கச் சொல்றாரு.

அண்ணன் பேசலையேன்னு பார்க்காதீங்க. தப்புப் பண்ணிட்டோமேன்னு அவருக்குச் சங்கடம். அதெல்லாம் மனசில் வெச்சுக்க வேண்டாம்னு நான் சொல்லிட்டேன். உங்களை வெளிச்சத்தில் யாரு ஏமாத்த முடியும், சொல்லுங்க? சிரிக்கறாரு பாருங்க. எத்தனை நாளாச்சு இப்படிச் சிரிச்சு.

நான் என்ன சொல்றேன்னா, அந்தப் பழைய வீடியோ வேண்டாம். அழிச்சுடுங்க. புதுசா ஒண்ணு எடுக்கலாம். அண்ணன் அவரு வாயாலேயே, 'தப்பு என் லைட்டில்தான், நானே நேரில் வந்து சரி பண்ணிக் குடுத்தேன்'னு சொல்லட்டும். நீங்க பக்கத்தில் நின்னு கை குடுங்க. கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து தப்பை ஒத்துக்கிற கடைக்காரரு இந்தக் காலத்தில் எங்கே இருக்காங்க? அண்ணன் மாதிரி நேர்மையான ஆளு வேணுமேன்னு போன ஆர்டரு தன்னால் திரும்பி வரும். போனைக் குடுங்க, நான் பிடிக்கறேன்.

அண்ணா, சித்த இக்கட்ட வாங்க, இந்தப் பக்கம். தொட்டிக்கு முன்னாடி நில்லுங்க. அங்கே வெளிச்சம் பத்தலை.